மேலெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: குமரி மாவட்டத்துல எங்க காட்டுறது?

மாசக்கணக்கா மேலு முழுக்க வலிக்குது, கழுத்துல தொடங்கி தோளு, நடுமுதுகு, இடுப்பு, தொடைன்னு இடம் மாறி மாறி வருது, ராத்திரி முழுக்க படுத்திருந்தும் காலையில எழும்பும்போது அசதி அப்படியே இருக்கு, தெரிஞ்ச ஆளோட பேரு சட்டுனு வாயில வரமாட்டேங்குது, ஆனா ரத்தம் எடுத்துப் பாத்தா எல்லாம் நார்மல்னு வருது. இப்படி இருக்கிறவங்களுக்கும் அவங்கள கூட்டிட்டு அலையுற வீட்டுக்காரங்களுக்கும்தான் இத எழுதுறேன். எங்க மைனிக்கு ஃபைப்ரோமயால்ஜியாங்கிற இந்த சீக்கு இருக்கு, அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரியில, ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்க, அதனால யாரு யாரு எங்க போகச் சொல்லுவாங்கன்னு எல்லாம் காதுல விழுந்தாச்சு. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்குன்னு ஒருத்தங்க, எலும்பு டாக்டர பாருன்னு ஒருத்தங்க, ஆசாரிப்பள்ளம் கவர்மெண்ட் ஆசுபத்திரிக்கு போன்னு ஒருத்தங்க, திருவனந்தபுரம் போனாத்தான் சரிவரும்னு ஒருத்தங்க, வர்ம வைத்தியம் பாக்குற ஆசான் கிட்ட தடவுனா போதும்னு இன்னொருத்தங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா கையில இருக்குற காசும் உடம்புல இருக்குற தெம்பும் கொஞ்சம்தானே, அத எங்க முதல்ல செலவழிக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

நான் இதை எல்லாத்தையும் ஒரே அளவுகோல் வச்சுத்தான் பாக்குறேன். ஃபைப்ரோமயால்ஜியா ஒரு ஊசியிலயோ ஒரு ஆபரேஷன்லயோ தீர்ற சங்கதி கிடையாது, மாசாமாசம் போய் பாத்து மருந்த கூட்டி குறைச்சு, நடைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, உறக்கத்த சரிபண்ணி கொண்டுவர வேண்டியது. அதனால எந்த ஆசுபத்திரி பெருசு, எந்த டாக்டருக்குப் பேரு அதிகம்ங்கிறத விட, ஒரு வருஷம் முடங்காம போய்வர முடியுற இடம் எது, அங்க உக்காந்து நாம சொல்றத கேப்பாங்களா, இது ரெண்டும்தான் முக்கியம். பஸ் கூலி, சம்பளம் போற ஒரு நாள், கூட வர்ற ஆளு, இதெல்லாம் சிகிச்சையோட பாகம்தான்.

முதல்ல நோய் என்னன்னு கண்டுபிடிக்கிற விஷயம். ஃபைப்ரோமயால்ஜியாவ காட்டிக்கொடுக்குற ரத்த டெஸ்ட்டோ ஸ்கேனோ கிடையாது. முன்னாடி 1990-ல அமெரிக்க வாதநோய் டாக்டர்கள் சங்கம் ஒரு முறை சொல்லியிருந்தாங்க, உடம்புல 18 இடத்துல விரலால அழுத்திப் பாத்து 11 இடத்துலயாவது நோவு இருந்தா இது ஃபைப்ரோமயால்ஜியான்னு. 2010-ல அத மாத்தி, பிறகு 2016-ல இன்னும் திருத்துனாங்க. இப்போ 19 இடங்கள் உள்ள ஒரு பட்டியல் வச்சு கடந்த ஒரு வாரத்துல எங்கெல்லாம் வலிச்சதுன்னு கேப்பாங்க, அசதி எவ்வளவு, உறங்கி எழும்பியும் தெளிச்சல் இல்லாம இருக்கா, ஞாபகமறதி எவ்வளவுன்னு மார்க் போடுவாங்க, தலைவலி, அடிவயிறு வலி, மனச்சோர்வு உண்டான்னு பாப்பாங்க, இதெல்லாம் 3 மாசத்துக்கு மேல இருக்கணும், வலி உடம்போட அஞ்சு பாகத்துல நாலுலயாவது இருக்கணும். அதாவது பேசி, கேட்டு, தொட்டுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். நம்ம ஊர்ல ஓபியில ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதி அனுப்புற இடத்துல இது நடக்காது, அதான் வருஷக்கணக்கா பேரே தெரியாம அலையுறாங்க.

ரத்த டெஸ்ட் வேண்டாம்னு சொல்லல. இதே மாதிரி வலி தர்ற வேற சீக்கு இருக்கான்னு பாக்குறதுக்கு ஒரு தடவை ஒழுங்கா எடுக்கணும். ரத்த அணுக்கள் கணக்கு, உடம்புல வீக்கம் உண்டான்னு காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி, தசை பலம் குறைஞ்சிருந்தா தசை கெட்டிருக்கான்னு பாக்குற சிபிகே, பெரும்பாலும் இவ்வளவு போதும். தைராய்டு குறைஞ்சாலும் மேலு முழுக்க கடுப்பும் அசதியும் வரும், வைட்டமின் டி ரொம்ப கம்மியா இருந்து எலும்பு உறுதி போய் மெத்துனு ஆனாலும் இதே வலிதான், அது ரெண்டுக்கும் தெளிவான மருந்து இருக்கு, அத தவற விடக்கூடாது. ஆனா மூட்டு வீக்கமே இல்லாதவங்களுக்கு ஆர்ஏ ஃபேக்டர், ஏஎன்ஏன்னு வாதநோய்க்கு பாக்குற டெஸ்ட் எல்லாம் எடுத்தா சில நேரம் லேசா பாசிட்டிவ்னு வந்து வீட்டையே பயமுறுத்திடும், நல்ல ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கும் அது லேசா பாசிட்டிவ் வரும். 2006-ல சிக்குன்குனியா வந்தப்போ மூட்டுவலி வந்து பிறகு அது விடவே இல்லைன்னு சொல்றவங்க நம்ம பக்கம் நிறைய, அப்படி ஏதாவது காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குன வலின்னா டாக்டர் கிட்ட அத தவறாம சொல்லணும்.

இனி ஒவ்வொரு வழியா பாப்போம். மெடிக்கல் ஷாப் வழிதான் எல்லாரும் முதல்ல போறது, சீக்கிரம் ஆகும், காசும் கம்மி. ஆனா டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க வீக்கத்துனால வர்ற வலிக்குத்தான் கேக்கும். ஃபைப்ரோமயால்ஜியாவுல வலிக்கிற இடத்துல வீக்கமோ காயமோ கிடையாது, மூளையும் தண்டுவடமும் வலி சிக்னல பெருசாக்கி எடுக்குறதுதான் பிரச்சினை. 2002-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியில பெருவிரல் நகத்துல அழுத்திகிட்டே மூளைய ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, சாதாரண ஆளுங்களுக்கு அழுத்துறது மட்டும் தெரிஞ்ச அதே அளவு அழுத்தத்துல ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவங்க மூளையில வலிய உணர்ற பாகங்கள் எல்லாம் வேலை செய்யத் தொடங்கிட்டு. அவ நடிக்கிறா, வேலை செய்ய மடின்னு சொல்ற மாமியார், நாத்தனார், கெட்டியோன் எல்லாரும் தயவு செஞ்சு இத தெரிஞ்சுக்கணும். வலி உண்மை, அது வர்ற இடம்தான் நாம நினைக்கிறது இல்ல. அதனால வலி மாத்திரைய தினமும் போட்டா வயிறும் கிட்னியும் கெடும், பலன் பெருசா இருக்காது. சில இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டு ரெண்டு நாள் சொகமா அனுப்புவாங்க, ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டுல வேலையே இல்ல.

அடுத்தது எலும்பு டாக்டர். ஒரே முட்டி, ஒரே தோளு, விழுந்து அடிபட்டது, கால்ல மின்னல் மாதிரி இறங்குற வலி, இதுக்கெல்லாம் ஆர்த்தோதான் சரி. மேலு முழுக்க வலிக்கு அங்க போனா பெரும்பாலும் எம்ஆர்ஐல போய் முடியும், அதுக்கு ஆயிரக்கணக்குல காசு ஆகும், ரிப்போர்ட்ல டிஸ்க் பல்ஜ்னு, அதாவது முதுகெலும்புக்கு இடையில உள்ள தட்டு பிதுங்கியிருக்குன்னு, ஒண்ணு எழுதி வரும், அதுக்குப் பிறகு எல்லா வலிக்கும் அந்த டிஸ்க்தான் காரணம்னு ஆயிடும். 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, முதுகுவலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் பண்ணுனா 20 வயசுலயே 30 சதவீதம் பேருக்கும், 50 வயசுல 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்போ பல்ஜ் இருக்கு, வலியும் இருக்குங்கிறதுனால இதுக்கு அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. மைனிக்கும் இப்படித்தான் ஒரு தனியார் ஆசுபத்திரியில இடுப்புல ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போச்சு, அப்போ அவங்களுக்கு கழுத்தும் ரெண்டு கையும்கூட வலிச்சுகிட்டு இருந்துச்சு, இடுப்பு டிஸ்க்குக்கும் கை வலிக்கும் என்ன சம்பந்தம்னு அங்க யாரும் கேக்கல. இத நினைச்சா இப்பவும் எனக்கு ஆத்திரம் வரும்.

நான் சொல்றது, முதல்ல ஒரு நல்ல எம்டி ஜெனரல் மெடிசின் டாக்டர், வீட்டுல இருந்து ஒரே பஸ்ல போற தூரத்துல. மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், குலசேகரம், நாகர்கோவில்னு எங்க இருந்தாலும் அப்படி ஒருத்தர் கிடைப்பாங்க. மேல சொன்ன டெஸ்ட எல்லாம் அவரே பாக்கலாம், தைராய்டும் வைட்டமினும் அவரே சரி பண்ணலாம், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மருந்தும் அவரே தொடங்கலாம். போகும்போது "ஃபைப்ரோமயால்ஜியாவா இருக்குமா டாக்டர்"னு நேரா கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. அவரு அப்படி ஒரு நோயே கிடையாதுன்னோ, எல்லாம் மனசுலதான்னோ சொல்லி அனுப்புனா வேற டாக்டர பாக்கணும், அங்க பிறகும் போறதுல அர்த்தமில்ல.

காசுக்கு வழி இல்லாதவங்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆசுபத்திரிதான் நம்ம மாவட்டத்துல பெரிய துணை. ஜெனரல் மெடிசின், பிசியோதெரபி, மனநலம் எல்லாம் ஒரே வளாகத்துல இருக்கு, டெஸ்டும் மருந்தும் செலவில்லாம கிடைக்கும். குறை என்னன்னா கூட்டம், விடியக்காலையில போய் வரிசையில நிக்கணும், ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர் பாப்பாங்க, கதைய முதல்ல இருந்து சொல்லணும். நிக்கவே முடியாத வலிக்காரங்களுக்கு அந்த வரிசையே பாடுதான். அதுக்கு ஒரே வழி ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதி வச்சு, எந்த கிழமை எந்த யூனிட்டுன்னு பாத்து அதே யூனிட்டுக்குப் போறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கேன்னு தனியார் ஆசுபத்திரிக்கு போறவங்களுக்கு ஒண்ணு, அந்தத் திட்டம் பெரும்பாலும் அட்மிட் ஆகி பாக்குற சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும்தான், மாசாமாசம் ஓபியில பாக்குற இந்த மாதிரி நோய்க்கு அத நம்பி இருக்க முடியாது. 2021-ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கவும் வழி வச்சிருக்காங்க, நடக்கவே சிரமப்படுற வயசானவங்க வீட்டுல இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

திருவனந்தபுரம் போறது எப்போன்னா, ரூமட்டாலஜிஸ்ட், அதாவது வாதநோய்க்குன்னே உள்ள டாக்டர், பாக்க வேண்டிய நேரத்துல. விரல் மூட்டு வீங்குது, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல கை மடக்க முடியாம விறைப்பா இருக்கு, ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் கூடிருக்கு, தோல்ல தடிப்பு, வாய்ப்புண்ணு, காரணமில்லாம மெலியுறது, விட்டு விட்டு காய்ச்சல், இதுல ஏதாவது இருந்தா அது ஃபைப்ரோமயால்ஜியா மட்டும்னு விடக்கூடாது, முடக்குவாதமோ, உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற லூபஸோ இருக்கலாம், சீக்கிரம் பாக்கணும். சின்ன வயசு பையனுக்கு விடியக்காலையில இடுப்பு வலிச்சு எழும்ப வைக்குது, நடந்தா குறையுதுன்னா அதுவும் ரூமட்டாலஜிஸ்ட் வேலைதான். 50 வயசுக்கு மேல திடீர்னு ரெண்டு தோளும் இடுப்பும் பிடிச்சுக்கிட்டா அதுக்கும். ரெண்டு சீக்கும் ஒரே ஆளுக்கு சேர்ந்தும் வரலாம், முடக்குவாதம் உள்ளவங்களுக்கு கூடவே ஃபைப்ரோமயால்ஜியா இருக்குறது அபூர்வமில்ல.

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், ரோட்டுல போனா களியக்காவிளை தாண்டி நெரிசல்ல ரொம்ப நேரம் போகும், ரயில்ல போறது உடம்புக்கு நல்லது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் உள்ளவங்களுக்கு மலையாளமும் பழக்கம், தூரமும் குறைவு, அவங்களுக்கு இது எளுப்பம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு நாள் முழுக்க போயிடும், பிறகு ரெண்டு நாள் எழும்ப முடியாம கிடப்பாங்க. அதனால ஒரே ஒரு தடவை உறுதிப்படுத்திக்க போங்க, என்ன மருந்து எப்படி தொடரணும்னு எழுதி வாங்கிட்டு வந்து இங்க உள்ள டாக்டர் கிட்டயே தொடருங்க. வேலூர் சிஎம்சியிலயும் சென்னை அரசு பொது ஆசுபத்திரியிலயும் வாதநோய்க்கு தனித் துறையே இருக்கு, ஆனா ஃபைப்ரோமயால்ஜியாவுக்காக மட்டும் அவ்வளவு தூரம் ராத்திரி ரயில்ல உக்காந்து போக வேண்டியதில்லைன்னுதான் என் அபிப்பிராயம். என்ன நோயின்னே பிடிபடாம டாக்டர்களே குழம்புனா அப்போ போகலாம்.

இனி நம்ம ஊர் வைத்தியம். குமரி மாவட்டத்துல இத பேசாம விட முடியாது, வர்ம ஆசான்மாரு தலைமுறை தலைமுறையா இருக்குற மண்ணு இது, உடம்புல உள்ள வர்மப் புள்ளிகள படுவர்மம் 12, தொடுவர்மம் 96னு மொத்தம் 108 சொல்லுவாங்க. கோட்டார்ல அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கு, தமிழ்நாட்டுல அரசு நடத்துற ஒரே ஆயுர்வேதக் கல்லூரி அதுதான். முஞ்சிறையில சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, அரசு ஆசுபத்திரி பலதுலயும் சித்தா பிரிவு உண்டு. எண்ணெய் தேச்சு ஆவி பிடிக்கிறது, மருந்து மூட்டைய சூடாக்கி ஒத்தி எடுக்குற கிழி வைக்கிறது, இதமா தடவுறது எல்லாம் இறுகிப்போன தசைய தளர்த்தும், அன்னைக்கு ராத்திரி உறக்கம் நல்லா வரும், யாரோ ஒருத்தர் நம்ம வலிய நம்பி கை வச்சு பாக்குறதுலயும் ஒரு ஆறுதல் இருக்கு, அத நான் சின்னதா நினைக்கல. கொட்டஞ்சுக்காதி தைலமோ கற்பூராதி தைலமோ வாங்கி வீட்டுலயே வாரத்துல ரெண்டு நாள் தேச்சு வெந்நீர்ல குளிக்கிறது செலவு கம்மியான நல்ல பழக்கம்.

ஆனா ரெண்டு விஷயத்துல கண்டிப்பா இருக்கணும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவங்களுக்கு பலமா திருகி, மிதிச்சு, சொடுக்கு எடுத்தா வலி பல நாளைக்கு கூடிடும், "பைய தடவுங்க ஆசானே"ன்னு முதல்லயே சொல்லணும், கேக்கலேன்னா எழும்பி வந்துடணும். அடுத்தது பேர் எழுதாத பொடி, பொட்டலம் கட்டிக் குடுக்குற உருண்டை. ரெண்டே நாள்ல வலி பறந்து, பசி கூடி, முகம் ஊதுச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சந்தேகப்படணும், அப்படி மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து, டாக்டர் கிட்ட காட்டி பையத்தான் குறைக்கணும். பற்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்த மருந்துங்க, அத படிச்சு பட்டம் வாங்குன சித்த மருத்துவர் சீட்டு இல்லாம வேண்டாம், கர்ப்பிணிகளும் கிட்னி கோளாறு உள்ளவங்களும் பக்கமே போக வேண்டாம். 21 நாள் கிடத்தி சிகிச்சைன்னு பெரிய தொகை கேக்குற இடங்களும் உண்டு. அந்த 21 நாளும் நல்லாத்தான் இருக்கும், வேலையும் இல்ல, சமையலும் இல்ல, நல்ல உறக்கம், வீட்டுக்கு வந்து பழையபடி வேலைய எடுத்தா வலியும் திரும்பி வரும். அந்தக் காச மாசாமாசம் பிசியோதெரபிக்கு பிரிச்சு வச்சா ஒரு வருஷம் ஓடும்.

மருந்து விஷயத்துல எல்லாத்தையும் விட பழையதும் விலை குறைஞ்சதும் அமிட்ரிப்டிலின், ராத்திரி சின்ன அளவுல குடுப்பாங்க, உறக்கமும் கொஞ்சம் நல்லா வரும், வலியும் கொஞ்சம் குறையும். வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும், கண்ணுல பிரஷர் உள்ளவங்களும் இதய நோய் உள்ளவங்களும் டாக்டர் கிட்ட முன்னாடியே சொல்லணும். அமெரிக்காவுல ஃபைப்ரோமயால்ஜியாவுக்குன்னே அனுமதி கிடைச்சது பிரிகாபலின் 2007-ல, டூலாக்செடின் 2008-ல, மில்னாசிப்ரான் 2009-ல. பிரிகாபலின்ல கிறக்கமும் தூக்கமும் வரும், எடை கூடும், கால் வீங்கலாம், விடியக்காலையில பைக்குல போய் ரப்பர் வெட்டுறவங்களுக்கு இது சரியா வராது, டாக்டர் கிட்ட வேலைய சொல்லி கேக்கணும். டூலாக்செடின் தொடக்கத்துல ஓக்காளம் தரும், அது மனச்சோர்வுக்கும் குடுக்குற மருந்துதான், அத பாத்துட்டு "எனக்கு பைத்தியமா"ன்னு சீட்ட கிழிச்சுப் போட்டவங்கள எனக்குத் தெரியும். மனச்சோர்வுல அந்த மாத்திரை வேலை செய்ற மூளை ரசாயனங்கள்தான் வலிய தணிக்கிற வேலையையும் செய்யுது, அதுக்குத்தான் அந்த மாத்திரை. எதையும் நாமளா திடீர்னு நிறுத்தக்கூடாது. இந்த மருந்துல எது போட்டாலும் எல்லாருக்கும் கேக்காது, கேக்குறவங்களுக்கும் வலி முழுசா போகாது, குறையும், அவ்வளவுதான்.

இதை எல்லாம் விட பலன் கூட இருக்குறது உடற்பயிற்சிதான். 2017-ல ஐரோப்பிய வாதநோய் அமைப்பு எல்லா சிகிச்சையையும் எடை போட்டு பாத்தப்போ, உறுதியா சிபாரிசு பண்ணுனது உடற்பயிற்சி ஒண்ண மட்டும்தான், மத்ததுக்கெல்லாம் அவ்வளவு பலமான ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. வலியோட எப்படி நடக்கன்னு கேப்பீங்க, நியாயம்தான். அஞ்சு நிமிஷத்துல தொடங்கணும், வீட்டு முத்தத்துல போதும், ரெண்டு வாரம் அதே அளவு, பிறகு ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. நல்லா இருக்குற அன்னைக்கு துணி தொவைச்சு, வீடு கழுவி, சந்தைக்கும் போய்ட்டு வந்து மறுநாள் எழும்ப முடியாம கிடக்குறதுதான் நம்ம பெண்கள் எல்லாரும் செய்றது, அத நிறுத்தி நல்ல நாளும் கெட்ட நாளும் ஒரே அளவு வேலை செய்யணும். பிசியோதெரபிஸ்ட் கிட்ட போனா லைட் வைக்கிறதும் கரண்ட் வைக்கிறதும் மட்டும் செஞ்சு அனுப்பாம பயிற்சி சொல்லிக் குடுக்குறவரா பாருங்க. இடுப்பளவு தண்ணியில நடக்குறது மூட்டுக்கு பாரம் இல்லாம சுகமா இருக்கும், தெரிஞ்ச குளத்துல, படித்துறை ஓரமா, ஆள் துணையோட மட்டும். அண்டி ஆபீஸ்ல குத்த வச்சு முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க மணிக்கு ஒரு தடவையாவது எழும்பி நிக்கணும். ரப்பர் வெட்டுக்கு மூணு மணிக்கு எழும்புறவங்க பகல்ல விட்ட உறக்கத்த பிடிக்கணும், ராத்திரி எட்டு மணிக்கே படுக்கணும், டிவி நடக்குற வீட்டுல அது கஷ்டம்தான், வீட்டுல உள்ளவங்கதான் ஒத்துழைக்கணும்.

அப்போ யாரு எங்க போகணும்? வீக்கமும் காய்ச்சலும் மெலிவும் இல்லாம வெறும் வலியும் அசதியும்னா, பக்கத்து எம்டி டாக்டர் இல்லேன்னா ஆசாரிப்பள்ளம் மெடிசின் ஓபி, ஒரு செட் டெஸ்ட், கூடவே பிசியோதெரபி. மேல சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தா நேரா ரூமட்டாலஜிஸ்ட், நாள் கடத்த வேண்டாம். எண்ணெயும் கிழியும் இதோட சேத்துக்கலாம், உள்ளுக்கு சாப்பிடுற மருந்த ரெண்டு பக்கத்து டாக்டர்கிட்டயும் சொல்லிட்டு எடுங்க. கையோ காலோ பலம் போறது, மூத்திரம் மலம் கட்டுப்பாடு இல்லாம போறது இதெல்லாம் வந்தா எந்த வரிசையும் பாக்காம அன்னைக்கே கேஷுவாலிட்டிதான். வலியால உயிரே வேண்டாம்னு தோணுனா 14416-க்கு கூப்பிடுங்க, மத்திய அரசோட டெலி மானஸ், காசில்ல, தமிழ்லயும் பேசுவாங்க.

போகும்போது ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: வலி எப்போ தொடங்குச்சு, மனுஷன் படம் ஒண்ணு வரைஞ்சு வலிக்கிற இடமெல்லாம் குறி, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு, இதுவரை போட்ட மாத்திரை எல்லாத்தோட அட்டை, வைத்தியர் குடுத்த பொடி உட்பட. முடிஞ்சா வீட்டுக்காரரையும் உள்ள கூட்டிட்டுப் போங்க, டாக்டர் சொல்றத அவரும் நேரா கேக்கட்டும். புது மருந்து தொடங்குனா ரெண்டு மாசம் குடுத்துப் பாருங்க, உறக்கமும் நடையும் கொஞ்சமும் நல்லாகலேன்னா அதே டாக்டர் கிட்ட போய் மாத்தச் சொல்லுங்க, டாக்டர மாத்துறது அதுக்குப் பிறகு போதும்.